கிரேனில் ஏறிய ஜகரண்டா

பெங்களூரிலிருந்து நான் ரயிலில் கொண்டுவந்தபோது அந்த ஜகரண்டாக் கன்று என் முழங்கை உயரம்தான் இருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் பையில் இரண்டு கை செம்மண், அதில் குச்சி போல ஒரு தண்டு, நெல்லி இலை மாதிரிப் பொடிப்பொடியாய்க் கொஞ்சம் இலை. வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன். அரக்கோணத்தில் இறங்கித் திருத்தணி வண்டிக்கு மாறும்போது பெட்டி, பை எல்லாவற்றையும் கணவரிடம் கொடுத்துவிட்டு, கன்றை மட்டும் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது மல்லேஸ்வரத்தில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு அங்கே மில்லில் வேலை. நாங்கள் இருந்த தெருவின் இரண்டு பக்கமும் ஜகரண்டா மரங்கள். மார்ச் மாதம் இலையெல்லாம் கொட்டிப்போய், மொட்டைக் கிளைகளில் கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக்கொத்தாய்ப் பூத்துவிடும். பரீட்சைக்கு ஓடும்போது செருப்புக்கு அடியில் பூ வழுக்கும். அத்தை மகனைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்த பிறகு இந்த ஊர் எனக்குப் பிடித்துத்தான் போனது. பஜாரில் சொந்தமாக ஒரு மருந்துக்கடை வைத்தேன். வெயிலும் பழகிவிட்டது. ஆனாலும் மார்ச் வந்தால் நிமிர்ந்து பார்ப்பேன், மேலே அந்த நிறம் இருக்காது. அதனால்தான் கன்று.

கணவரைச் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டுத் தெலுங்கு வழக்கப்படி 'பாவா' என்று கூப்பிட்டுப் பழக்கம். அதுபோல மாமியாரும் எனக்கு மாமியார் இல்லை, அத்தைதான். கன்றைக் கொண்டுபோய் வாசலில் வைத்தவுடன் அத்தை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இன்னா செடி இது?"

"ஜகரண்டா, அத்தை. பூ மரம்."

"சாமிக்கு வைக்கலாமா?"

"வைக்க மாட்டாங்க."

"தலைல வச்சிக்கலாமா?"

"உடனே வாடிடும்."

"காய் கீய் காய்க்குமா, துன்றதுக்கு?"

"காய்க்கும். ஆனா மரக்கட்டை மாதிரி இருக்கும்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இத்த இன்னாத்துக்கு அவ்ளோ தூரத்துலேந்து தூக்கினு வந்த?"

பொதட்டூர்பேட்டை ரோட்டைப் பார்த்தாற்போல இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், கேட்டுக்கு வெளியே, அன்று சாயங்காலமே நட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தது. அத்தைதான். மாட்டுக்கொட்டகை கழுவிய தண்ணீரைத் தினமும் அதற்கு ஊற்றுவாள். ஊற்றிக்கொண்டே திட்டுவாள். "ஒண்ணுத்துக்கும் ஒதவாத மரம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது குடத்தையும் கவிழ்ப்பாள். மரம் மளமளவென்று வளர்ந்தது. மாடியைத் தாண்டியது. பச்சைப் பசேலென்று குடை விரித்தது. பூ மட்டும் பூக்கவே இல்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பேன். இலைதான் இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அது பெங்களூரு மரம். இந்த வெயில் ஊரில் அது பூக்காது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் ஒரு கட்டத்தில் நம்பிவிட்டேன்.

பிறகுதான் ரோட்டை அகலப்படுத்தும் வேலை வந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மரத்தின் மேல் சிவப்பு பெயின்டில் ஒரு நம்பர். அதன் முன்னால் அத்தை இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டு மரத்து மேல எவன் நம்பர் போட்டது?"

அளந்துகொண்டிருந்த இளவயது பொறியாளர் ஓடி வந்தார். நல்ல மனிதர். "அம்மா, மரம் ரோட்டு எடத்துல வருதுங்க. எடுத்துத்தான் ஆவணும்."

"எடுக்கறதுன்னா வெட்டறதா?"

"ஆங், வெட்டறதுதாங்க."

"எடுக்கறதுன்னா, எடுத்துகினு போயி வேற எடத்துல வைக்கறதுன்னும் ஒண்ணு கீதில்ல?"

அவர் சிரித்துவிட்டார். "முடிஞ்சா பண்ணுங்கம்மா. எங்க வண்டி இங்க வரதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆவும். எழுதிக் குடுங்க, நானே பெரியவங்க கிட்ட பேசறேன்."

எழுதிக் கொடுத்தோம், அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் நம்பர் போட்ட அன்றைக்கு உள்ளே வந்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அத்தை, உங்களுக்குத்தான் அந்த மரத்தைக் கண்டாலே ஆவாதே?"

"யார் சொன்னா? தண்ணி ஊத்தி வளத்தது யாரு? என் மரம், நான் திட்டறேன். அதுக்குன்னு எவன் வேணா வந்து நம்பர் போட்ருவானா?"

பாவா சோற்றில் கை வைத்தபடியே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ்ளோ பெரிய மரத்த எப்பிடிம்மா தூக்கறது?" என்றார்.

"உன் கூட்டாளிதான் கிரேன் வச்சிகினு கீறான் இல்ல?"

கனகம்மாசத்திரத்தில் பாவாவின் நண்பர் ஒருவர் இருக்கிறார். திருப்பதி ரோட்டில் கவிழ்ந்து கிடக்கும் லாரிகளைக் கிரேனால் தூக்கி நிறுத்துவது அவர் தொழில். அவர் வந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"லாரின்னா எங்க பிடிக்கணும்னு கண்ண மூடிகினு சொல்வேன். இதுக்கு உயிரு கீதே. எங்கபா பிடிக்கறது?"

அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த பெங்களூர் நர்சரிக்காரரிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னபடி, முதலில் கிளைகளைக் கழித்தோம். அப்புறம் பாவாவும் எங்கள் நிலத்தில் வேலை செய்யும் அண்ணனும் மரத்தைச் சுற்றி ஆழமாகப் பள்ளம் தோண்டி, பக்கவேர்களை ரம்பத்தால் அறுத்து, வேரோடு ஒட்டிய மண்ணை உருண்டையாகக் கட்டிக் கோணிச் சாக்கால் சுற்றினார்கள். சாக்கு காயாமல் பார்த்துக்கொள்வது அத்தையின் வேலை. புதிய இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், அகலப்படுத்த எடுக்கும் அளவைத் தாண்டி, எதிரில் எங்களுக்கு இருந்த நிலத்தின் காலி மூலை. சுத்தமான சரளை மண். நல்ல மண்ணில் நிலக்கடலை போட்டிருந்ததால் அந்த மூலைதான் மிச்சம்.

தூக்குகிற அன்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். அடிமரத்தில் பழைய டயர் டியூபுகளைச் சுற்றி, அதன் மேல் பெல்ட்டைப் போட்டு, கிரேன் இழுத்தது. மரம் அசையவில்லை. மறுபடியும் இழுத்தது. கிரேனின் பின்சக்கரம்தான் தரையை விட்டு எழும்பியது.

"கீழ ஆணி வேர் பிடிச்சிகினு கீது!" என்று கத்தினார் நண்பர்.

பாவா ரம்பத்தோடு பள்ளத்தில் இறங்கிவிட்டார். மரம் தலைக்கு மேல் நிற்க, அவர் மண்ணில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அறுத்தார். வியர்வையும் சேறுமாக அவர் மேலே ஏறி வந்ததும் கிரேன் மறுபடி உறுமியது. இந்தத் தடவை மரம் மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், மண் உருண்டையோடு அப்படியே எழும்பியது. நான் வளர்த்த மரம் அந்தரத்தில் நின்றது!

அதற்குள் பொதட்டூர்பேட்டை பஸ் வந்து நின்றுவிட்டது. பொதட்டூர்பேட்டை நெசவுக்கார ஊர்; விற்கக் கொண்டுபோகும் லுங்கி மூட்டைகளோடு எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். நடு ரோட்டுக்கு வந்தபோது பெல்ட் கொஞ்சம் நழுவியது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பஸ்ஸைப் பார்த்து ஆடியது.

"கயிறு! கயித்தப் பிடிங்கபா!"

மரம் ஆடாமலிருக்கக் கட்டிய கயிறுகளைப் பிடித்திருந்தவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். அடுத்த நிமிடம் லுங்கி மூட்டைகள் ரோட்டில் கிடந்தன. பயணிகள் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கண்டக்டர்கூடப் பையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வந்து பிடித்தார். மரம் நிதானத்துக்கு வந்தது. அப்படியே ஊர்வலம் போவதுபோல எல்லோருமாக ரோட்டைத் தாண்டி, புதுப் பள்ளத்தில் அதை இறக்கினோம். விசிலும் கைத்தட்டலும் வெகுநேரம் அடங்கவில்லை. அத்தை பெரிய குண்டான் நிறைய மோர் கரைத்துக் கொண்டுவந்து அத்தனை பேருக்கும் ஊற்றினாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். மோர் தீரும்வரை யாரும் ஏறவில்லை.

ஒரு வாரத்தில் மிச்சமிருந்த இலையும் கொட்டிவிட்டது. விறகுக்குத்தான் ஆகும் என்று போகிறவர்கள் வருகிறவர்கள் சொன்னார்கள். பாவா தினமும் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சையாக இருந்தது. ஒரு மழை விட்ட காலையில் கடைக்குப் போன் செய்தார்.

"வந்துடுச்சி."

"யாரு?"

"தளிருபா, தளிரு!"

கவுன்டரில் நின்றிருந்தவர் மருந்துச் சீட்டை நீட்டியபடி காத்திருக்க, நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்கடுத்த கோடையிலும் அது பூக்கவில்லை. உயிரோடு இருந்ததே போதும் என்றிருந்தேன். இந்த வருடம் பிப்ரவரியில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தபோது எனக்குத் திக்கென்றது. அத்தை கேட்கவே வேண்டாம், மரத்தடியிலேயே நின்றாள்.

மார்ச்சில் ஒருநாள் காலை, அடுப்பில் பால் வைத்திருந்தேன். வாசலிலிருந்து அத்தையின் சத்தம்.

"பொண்ணே! வெளிய வா! சீக்கிரம் வா!"

பாம்பு என்று நினைத்துக் கரண்டியோடு ஓடினேன். அத்தை துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி ரோட்டின் நடுவில் நின்று எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். இலை ஒன்றுகூட இல்லாத கிளைகளின் நுனியில் எல்லாம் அந்த நிறம். சின்னச் சின்னக் குழல்களாய், கொத்துக் கொத்தாய், வெயில் படப்பட இன்னும் தெளிந்துகொண்டே வந்தது. பின்னால் மலை, மலைக்கு மேல் வெளுத்த வானம், நடுவில் எங்கள் மரம். நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தெருவில் எல்லாக் கதவும் திறந்தன.

வேரை அறுத்ததாலா, சரளை மண்ணாலா, அங்கே கொட்டகைத் தண்ணீர் எட்டாததாலா, தெரியாது. நர்சரிக்காரர் மூன்றுமே இருக்கலாம் என்றார்; சாணித் தண்ணீரும் நல்ல மண்ணும் கிடைத்தால் மரம் இலைவிடுவதிலேயே இருந்துவிடுமாம்.

அத்தை போனை எடுத்தாள். ஆந்திரப் பக்கம் நகரியில் இருக்கும் சொந்தக்காரர்களைத் தெலுங்கில் அழைத்தாள், ஆர்.கே.பேட்டையில் இருப்பவர்களைத் தமிழில். மத்தியானத்துக்குள் இரண்டு ஆட்டோ நிறைய ஆள் வந்து இறங்கியது. கிரேன்காரர் மனைவியோடு வந்து, "இத்த நான்தான் தூக்கனேன்" என்று அவருக்குக் காட்டினார். வந்தவர்களிடமெல்லாம் அத்தை ஒரே பேச்சு:

"பெங்களூர்லகூட இந்தக் கலரு கிடையாதாம். என் மருமக சொல்றா."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் மறுக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

கடையைத் திறக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சர்க்கரை மாத்திரை வாங்கும் பெரியவர் ஒருவர் ஷட்டர் முன்னால் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, காலைலேந்து மூணு வாட்டி வந்துட்டேன். ஊட்ல எதுனா விசேசமா?"

"ஆமாங்க," என்றேன். "எங்க வீட்டு மரம் பூத்திருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அங்கே எதைக் கண்டாரோ, "ஆங், அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, நான் ஷட்டரைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.