பேசிக்கொண்டே படியேறிய டிரைவர்

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் நான் மலாக்காவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். ஒரு நாள் எங்கள் வார்டுக்கு ஒரு பஸ் டிரைவரைக் கொண்டுவந்தார்கள். ரெம்பியா பக்கம் ரப்பர் மரங்களுக்குள் மறைந்திருந்தவர்கள் அவர் பஸ்ஸைச் சுட்டிருந்தார்கள். மார்பில் குண்டு பாய்ந்தும் வண்டியை நிறுத்தாமல் போலீஸ் ஸ்டேஷன்வரை ஓட்டிவந்து, பயணிகளைக் காப்பாற்றியிருந்தார்.

உயிர் பிழைத்தாலும் ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது. முதல் சோதனையில், கைநீட்டும் தூரத்தில் ஏற்றிய மெழுகுவர்த்தியைக்கூட அவரால் ஊதி அணைக்க முடியவில்லை. சுடர் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். இப்படித் தோற்றதும் பலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் கொளுத்துங்க மிஸ்ஸி," என்றார்.

தினமும் கொளுத்தினேன். வயிற்றில் கைவைத்து மூச்சை இழுத்து மெல்ல விடப் பழகினார். வராந்தாவில் நடந்தார். மெழுகுவர்த்தி அணையத் தொடங்கியதும் டாக்டர் மாடிப்படியைக் காட்டினார்.

"பேசிக்கிட்டே ஏறுங்க. மூச்சு வாங்கிப் பேச்சு நின்னா, மறுபடி பஸ் ஓட்ட விடமாட்டேன்."

"அலோர் காஜா, ரெம்பியா, டுரியான் துங்கால்..." என்று தன் பஸ் நிற்கும் இடங்களைக் கூவிக்கொண்டே ஏறினார். பாதியில் குரல் கம்மியது, ஆனால் நிற்கவில்லை. உச்சிப்படியில் "மலாக்கா!" என்றதும் வார்டே கைதட்டியது.

அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெம்பியாவில் இருந்த அக்காவைப் பார்க்க அவர் பஸ்ஸிலேயே போனேன். சுட்ட இடம் நெருங்கியதும் நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம். அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.