பதினோராவது வரி

கோயிலில் உறுதிப்பூசுதல் பெறும் நாளுக்குப் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைக் கவுன் போட வேண்டும் என்று எங்கள் பங்குக் கோயிலில் முடிவானது. எனக்கு அப்போது பதினைந்து வயது. தைக்கும் அக்கா குண்டசாலையில் இருந்தார். எங்கள் கடுகண்ணாவையிலிருந்து அங்கே போக இரண்டு பஸ். வீட்டிலேயே அளந்து, எல்லா அளவையும் ஒரே தாளில் எழுதி அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

மறைக்கல்வி வகுப்பில் எதற்கும் அட்டவணை போடுபவள் நான்தான். பெயர், தோள், மார்பு, இடுப்பு, நீளம். பதினான்கு பேருக்கு வரி போட்டேன். என்னுடையது பதினோராவது.

அம்மா அளந்தபோது இடுப்பு முப்பத்தாறு அங்குலம் இருந்தது. துணி எடுக்கப் போன அன்று அத்தை, "இவளுக்கு மட்டும் ரெண்டு கவுன் துணி வெட்டச் சொல்லுங்க" என்றபோது கடைக்காரரும் சிரித்திருந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இந்தத் தாளோ, அவரவர் அளவை எழுத எல்லோர் கையிலும் சுற்றப்போகிறது. முப்பத்திரண்டு என்று எழுதினேன். கவுன் வர ஆறு வாரம் ஆகும், அதற்குள் அந்த எண்ணுக்கு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டைப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளினேன். மூன்றாவது வாரம் காலைக் கூட்டத்தில் தலைசுற்றி விழுந்து, வெயில் என்று சொன்னேன்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை தைக்கும் அக்காவே கவுன் மூட்டையோடு வந்தார். கோயில் மண்டபத்தின் பின்னறையில் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தோம். என் முதுகில் கவுனின் சிப் பாதியில் நின்றுவிட்டது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிமிர்ந்தால், என்னைப் போலவே இன்னும் நான்கு பேர் சுவரோரம் நிற்கிறார்கள். எங்களில் ஆக ஒல்லியானவளுக்குக் கவுன் தோளிலிருந்து நழுவியது. அவள் கூட்டி எழுதியிருக்கிறாள்.

"என்ன புள்ளைங்களா, யாரு ஒடம்ப அளந்து அனுப்புனீங்க?" என்றார் அக்கா.

ஒல்லியானவள் நழுவிய தோளை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, அடுத்த ஞாயிறு உறுதிப்பூசுதல். அழுதுகிட்டு நிக்க நேரமில்ல. தாள எடுங்க. நான் அளந்து சொல்றேன், ஒருத்தி எழுதுங்க."

பேனை என்னிடம் வந்தது. ஒவ்வொரு வரியிலும் பழைய எண்ணை வெட்டிப் பக்கத்தில் புதியதை எழுதினேன். பதினோராவது வரியில் கை நின்றது.

"ஒன்டத நா எழுதவா?" என்று ஒல்லியானவள் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்."

அக்கா என் இடுப்பில் நாடாவைச் சுற்றினார். "முப்பத்தஞ்சர."

ஆறு வாரத்துக்கு அரை அங்குலம். எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பக்கவாட்டில் துணிப் பட்டி வைத்துத் தைத்துத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை சிப் ஏறியது.

இப்போது கட்டடங்களை அளப்பது என் தொழில். என் உடம்பு எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. சட்டை தைக்கப் போய் இடுப்பில் நாடா விழும்போது வயிறு இன்னும் தானாகவே உள்ளே போகிறது. அது தெரிந்ததும் மூச்சை விட்டுவிட்டு, இன்னொரு தடவை அளக்கச் சொல்கிறேன்.