கூட்டத்தில் ஒரு தூங்குமூஞ்சி

என் வேலையைப் பற்றிச் சித்தி ஒரே ஒருமுறைதான் விசாரித்தாள்.

“எல்லா ஆஸ்பத்திரி நோயாளிங்க விவரத்தையும் ஒரே இடத்துல கொட்டிடுவீங்களா?”

“இல்ல சித்தி. எதுவும் அந்தந்தக் கட்டடத்தை விட்டு வெளிய வராது. அங்கங்க கம்ப்யூட்டரே கணக்குப் போடும். ஒரு இடம் விடையோட ஒரு நம்பரைக் கூட்டிக் கலந்தா, இன்னொரு இடம் அதையே கழிச்சுக் கலந்து அனுப்பும். எல்லாத்தையும் கூட்டினா, கலந்ததெல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். மொத்தம் மட்டும் மிஞ்சும்.”

“அப்ப யார் வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு உனக்கே தெரியாது.”

“தெரியாது.”

“நம்ம வீட்டு ஆளுங்களை அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட கத்துக்க அனுப்பு” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தி ஓர் ஆஸ்பத்திரியின் ஃபைல் அறையில் வேலை பார்த்தாள். மதியத்துக்குமேல் ஜன்னல் வெயில் அலமாரிகள் மேல் மெல்ல ஊர்ந்து வரும். அதற்குள் அவள் இமைகள் தாமாகத் தாழ்ந்துவிடும். தூங்குமூஞ்சி என்றே அவளுக்குப் பேர். “ஃபைலுக்குத் தலையணை உறை தைக்கட்டுமா அக்கா?” என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாம் இரண்டாகத் தெரியும்: இரண்டு ஜன்னல், இரண்டு மரம், இரண்டிலும் ஒரே காற்று.

அது தூக்கமல்ல, தசையைத் தளர்த்தும் நோய் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. சுவருக்குக் காதுதான் உண்டு. அந்த ஃபைல் அறைக்கு வாயும் உண்டு. யாருடைய நோயும் டீ வருவதற்குள் மேசைக்கு வந்துவிடும். அதனால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இன்னோர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் ஆராய்ச்சியும் அந்த நோயைப் பற்றியதுதான். இமையோடு நிற்குமா, மூச்சுவரை இறங்குமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று தேடினோம். சம்மதித்தவர்கள் பத்துப் பேருக்குக் குறைந்தால் அந்த ஆஸ்பத்திரியைச் சேர்க்க மாட்டோம். சின்னக் கூட்டத்தில் முகம் தெரிந்துவிடும்.

ஒரு மாலை துணி மடித்துக்கொண்டே, “அக்கரை ஆஸ்பத்திரியில ஒரு ஆள் குறையுது சித்தி, அதை விட்டுட வேண்டியதுதான்” என்றேன்.

அவள் கையிலிருந்த போர்வை பாதி மடிப்பில் நின்றது. விரலால் ஓர் இமையைத் தூக்கிப் பிடித்து, என்னை வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்கும் அதான். மூச்சுக்கு வருமான்னுதான் தினம் நினைச்சுக்கறேன்” என்றாள். போர்வையை மடித்து வைத்தாள். “நாளைக்கு என்கூட அக்கரைக்கு வா. கையெழுத்துப் போடறேன். நீ வெளிய பெஞ்சுலயே உக்காந்துக்கோ. அப்புறம் உன் மொத்தம் வரும்போது, அதுல சித்தி எங்கேன்னு மட்டும் தேடாதே.”