வாயைப் பொத்திக்கொண்ட மகள்

மூன்று வயது மகளின் வாயை அடைத்தது காவலா, குற்றமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இனக் கலவரத்துக்குப் பிறகு, சிங்களவர் நிறைந்த குண்டசாலை பஸ்ஸில் அவள் தமிழில் ஒரு சொல் பேசினாலே பயந்துபோய்த் தொடையில் கிள்ளுவேன். கிள்ளினாலும் சத்தம் போடாமலிருக்கப் பழகிவிட்டாள். “என்ன அடக்கமான புள்ள!” என்று அக்கம்பக்கத்தார் மெச்ச, நானும் பெருமைப்பட்டேன்.

போன மாதம் வீட்டுக் கதவிடுக்கில் அவள் விரல் நசுங்கியது. அழவேயில்லை. மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

கட்டுப்போட்ட யாழ்ப்பாணத்து டொக்டரம்மா, “இது அடக்கமில்லை, பயம். பிள்ளையை அழ விடுங்கோ” என்று கடிந்துகொண்டார்.

“பஸ்ஸிலயுமா டொக்டர்?”

“நானும் பஸ்ஸில தமிழ் கதைக்கிறேல்லைத்தான்” என்றார்.

எரிச்சலாக வந்தது. பிறகு எதற்கு இந்தப் புத்திமதி? வீட்டிலாவது அவளைச் சத்தம்போட்டு அழவைக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.