பதினோரு பேரில் ஒருத்தி

சொர்ணம்மா எதையும் லேசில் நம்பமாட்டாள். தக்காளி வாங்கப் போனால் கூடையின் அடியில் கிடப்பதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக்கடையில் இன்னொரு தரம் விசாரிப்பாள். தீவில், சாத்தம் ஜெட்டியில், அக்கரையிலிருக்கிற பாம்பூஃபிளாட்டுக்குப் போகிற படகுக்கு டிக்கெட் பார்க்கிற வேலை அவளுக்கு, பதினாறு வருஷமாக. அந்த வேலையில் இருப்பவள் வெளுத்ததெல்லாம் பால் என்று நினைத்தால் பிழைக்க முடியுமா?

"பாஸ் வீட்ல இருக்குக்கா" என்று தினமும் நாலு பேராவது வருவார்கள். அவள் சண்டைக்குப் போகமாட்டாள். "எது, அந்தப் பச்சைக் கலர் பாஸா?" என்று தன்மையாகக் கேட்பாள்.

"ஆமாக்கா, பச்சைதான்."

பாஸ் ஒரு நாளும் பச்சையாக இருந்ததில்லை. "சலோ, போய் டிக்கெட் எடுத்துட்டு வா" என்பாள். தமிழன், தெலுங்கன், பெங்காலி, மலையாளி என்று எல்லாரும் அவளிடம் இப்படி மாட்டியிருக்கிறார்கள். இந்தியில் கேட்டாலும் பொய்யின் லட்சணம் ஒன்றுதான்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் காலேஜ் பிரச்சினை வந்து சேர்ந்தது. ஒரே மகள் ரூபா. பன்னிரண்டாம் வகுப்பில் எழுபத்தொரு சதவீதம். படித்தால் பிபிஏதான் என்று இரண்டு வருஷமாகப் பிடித்த பிடியை விடவில்லை. கப்பலில் வருகிற காய்கறியில் பாதி ஏன் அழுகி இறங்குகிறது, அழுகாமல் இறக்கினால் எத்தனை பேர் பிழைக்கலாம் என்று சோறு தின்னும்போதும் அதையே பேசுகிற பெண். அவள் அப்பா தேவேந்திரன் மாயாபந்தர் பக்கம் ரோடு போடுகிற வேலையில் இருந்தார். "நீயே பாத்துச் செய்யி சொர்ணம்" என்று போனிலேயே கையைக் கழுவிவிட்டார்.

இரண்டு இடங்கள் வந்திருந்தன. ஒன்று சென்னையில் பெயர்பெற்ற யூனிவர்சிட்டி. அங்கே பிபிஏ கிடைக்கவில்லை. எகனாமிக்ஸில் சேர்ந்துகொள்ளுங்கள், ஒரு வருஷம் கழித்து மார்க்கும் காலி இடமும் இருந்தால் பிபிஏவுக்கு மாறலாம் என்று கடிதம் வந்தது. மாறலாம் என்றால் மாறாமலும் போகலாம். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனான பேச்சு இது என்று சொர்ணம்மா அந்தக் கடிதத்தை மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று கோயம்புத்தூருக்கு வெளியே, யாரும் கேள்விப்படாத புது யூனிவர்சிட்டி. அங்கே முதல் நாளிலிருந்தே பிபிஏ. அதன் ஆள் திருநாவுக்கரசு இங்கே தீவுக்கே வந்து அபர்டீன் பஜாரில் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அங்கேதான் போவேன் என்று ரூபா ஒற்றைக் காலில் நின்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மகளோடு போனாள் சொர்ணம்மா. திருநாவுக்கரசுக்கு வாயெல்லாம் பல்.

"பாப்பாவுக்கு சீட்டு பக்கா மேடம். நூத்துக்கு நூறு."

"அச்சா. போன வருஷம் எங்க தெரு ஜெயராணி உங்ககிட்டதான தம்பி சேந்துச்சு? எப்படிப் படிக்குது?"

ரூபா திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"ஜெயராணியா? பிபிஏவுல அதுதான் ஃபர்ஸ்ட் மேடம். இங்கிலீஷ் பேசுச்சுன்னா நமக்கே பயமாருக்கும்."

அவர்கள் தெருவில் ஜெயராணி என்ற பெயரில் ஓர் ஆடுதான் உண்டு. சொர்ணம்மா சிரிக்கவில்லை. யோசித்து வருகிறோம் என்று எழுந்துவிட்டாள்.

படி இறங்கும்போது, "கேட்டியா? ஆட்டையே ஃபர்ஸ்ட்டாக்கிட்டான்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சென்னைக்குப் போன் போட்டாள். அங்கேயும் ஒரு தூண்டிலைப் போட்டுப் பார்த்தாள். "எகனாமிக்ஸ்ல சேந்துட்டா அடுத்த வருஷம் எப்படியும் பிபிஏ குடுத்துருவீங்கல்ல மேடம்?"

எடுத்த அம்மாளுக்குப் பொறுமை இல்லை. "அதை நான் எப்படிங்க சொல்றது? போன வருஷம் அறுபது பேர் கேட்டாங்க, பதினோரு பேருக்குக் கிடைச்சுது. சேத்துட்டு அப்புறம் எனக்குப் போன் பண்ணி அழக் கூடாது."

சொர்ணம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இத்தனை நாளில் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே ஆள் இந்த அம்மாள்தான்.

"பேச்சு கசக்குது, ஆனா பொய்யி இல்ல" என்று மகளிடம் சொன்னாள். "சென்னைக்கே போடலாம்."

ரூபா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பதினொண்ணுல நான் வருவேனாம்மா?"

சொர்ணம்மா வாயைத் திறந்தாள். அறுபதும் பதினொன்றும் எழுபத்தொன்றும் ஒன்றாக வந்து குறுக்கே நின்றன. "அது நீ படிக்கிறதப் பொறுத்துடி. இப்பவே எப்படிச் சொல்றது?"

ரூபா தலையாட்டிக்கொண்டாள். "அந்த லாட்ஜ்காரன் பொய் சொல்றான்னு எனக்கு முத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்குடி அங்கதான் போவேன்னு நின்ன?"

"எனக்குக் கிடைக்கும்னு சொன்ன ஒரே ஆளு அவன்தாம்மா. ஸ்கூல்ல யாரும் சொல்லல. அப்பா சொல்லல. நீயும் சொல்லல. பொய்யா இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு."

ஐந்தாம் வகுப்பில் இந்தப் பெண் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோது, எத்தனை பேர் பேசினார்கள் என்றுதான் சொர்ணம்மா முதலில் கேட்டாள். மார்க் அட்டை வந்தால் கூட்டல் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். எந்தக் கள்ளத்தைப் பிடிக்க அதையெல்லாம் செய்தாளோ, அவளுக்கே இப்போது விளங்கவில்லை. தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"சென்னைக்கே போடு" என்றாள். "பதினொண்ணுல நீ ஒருத்தி. நான் சொல்றேன்."

ரூபா உடனே சிரித்துவிடவில்லை. தாயின் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நெசமாத்தான் சொல்றியா, இல்ல நான் அழுதுருவேன்னு சொல்றியா?"

பதினெட்டு வருஷம் சொர்ணம்மாவிடம் வளர்ந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?