கொழுந்துக் காற்றில் காய்ந்த மடிக்கணினி

போன வருட மழைக்காலத்தில், பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் என் வீட்டில் நடந்தது இது. நான் அங்குள்ள தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்துப் பிள்ளை ஒருத்தி பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். லயத்துக் கூரை ஒழுகும் என்பதால், விடுமுறைக்கு வந்தால் தன் மடிக்கணினியை என்னிடம்தான் கொடுத்து வைப்பாள். அவளுடைய ஆய்வறிக்கை முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

நம் தோட்டத்தை வானத்திலிருந்து பார்க்கலாம் என்று ஒருமுறை அதில் செயற்கைக்கோள் படம் காட்டியிருந்தாள். அவள் மொனராகலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, தொழிற்சாலைக் கூரையைத் தேடிப் பார்க்கும் ஆவலில் நானே அதைத் திறந்தேன். குனிந்து தேடும்போது கையிலிருந்த, பாலில்லாமல் சீனி மட்டும் போட்ட பிளேன்டீ விசைப்பலகைமேல் கொட்டியது. திரை அணைந்துவிட்டது.

ஈரத்தைப் போக்குவதே என் வாழ்நாள் தொழில். தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், பச்சைக் கொழுந்தை வாட்டும் பெரிய விசிறிக்கு முன்னால் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் அது வேலை செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டேன்.

சில நாள்களில் அது அடியோடு நின்றுபோனது. அறிக்கையை ஒப்படைக்க வேண்டிய வாரம் அது. அழுதுகொண்டு வந்தவளைப் பதுளையில் ஒரு கணினிக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடைக்காரர் அடிமூடியைக் கழற்றினார். உள்ளே பழுப்பாகப் பிசுபிசுப்பு. அங்கங்கே செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"தங்கச்சி, சீனி கொஞ்சம் கூடிப்போச்சு போல?"

"நான் ஒண்ணும் ஊத்தலைங்க."

"இங்க வர்ற யாருமே ஊத்துறதில்ல. டீதான் தானா நடந்து உள்ள போகுது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோய் என்னைப் பார்த்தாள். "நல்ல பிள்ளை, பொய் சொல்லாது" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப டீயைக் குடிச்சது யாரு ஐயா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். "நான்தான்" என்றேன். விசிறிக் கதையையும் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"காய வச்சதுதான் ஐயா பிழை. தண்ணி போயிரும், சீனி போகாது. மழைக் காத்துல அது திரும்பத் திரும்ப ஈரத்த இழுக்கும். மொதல்லயே கழுவியிருக்கணும்."

கழுவுவதா? அவர் உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையைத் தனியே எடுத்து, ஸ்பிரிட் ஊற்றி, மென்மையான தூரிகையால் தேய்த்தார். என் தேநீர் பழுப்பாகக் கரைந்து வடிந்தது. நனைந்து கெட்டதை நனைத்தே திருத்துவதை அன்றுதான் கண்டேன். வெட்கப்பட வேண்டிய நேரத்திலும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் திரை ஒளிர்ந்தது. அறிக்கை பத்திரமாக இருந்தது. விசைப்பலகை மட்டும் போய்விட்டது. புதிதாக வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்.

"டீ கொட்டுனது பரவால்லங்க ஐயா. அவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது உண்மையைச் சொல்லாம நின்னீங்களே."

மழை தொடங்கினால் இன்றும் அதை என்னிடம்தான் வைத்துவிட்டுப் போகிறாள். அதைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும், அந்தச் சிரிப்புக்கு நடுவே அவளைத் தனியாக நிற்கவிட்ட அந்த ஒரு நிமிடம் எனக்குள் இன்னும் பிசுபிசுத்துக்கொண்டுதான் இருக்கிறது.