தொரசாணியின் கால்மாட்டில்

அம்மாவைப் புதைத்த அன்று கடலூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் இருந்தார், தங்கை இருந்தாள், அம்மாவின் தம்பியான மாமா இருந்தார், நான் இருந்தேன். அப்பா அந்த மண்ணுக்குள் எங்கே இருக்கிறார் என்று சொல்லக்கூடியவர்தான் யாரும் இல்லை.

அப்பாவுக்கு நட்ட மரச்சிலுவையை ஒரு புயல் கொண்டுபோனது. கல் வைக்க வசதியில்லை. எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு அடையாளம், பக்கத்திலிருந்த பழைய வெள்ளைக்காரப் பெண்ணின் கல்லறை. தலைமாட்டில் சிறகு விரித்த சம்மனசு, அதாவது தேவதூதன், சுற்றிலும் பூமாலை, எல்லாம் கல்லில் செதுக்கியவை. அம்மா அவளைத் தொரசாணி என்பாள். தொரசாணியின் கால்மாட்டிலிருந்து மூன்று தப்படி வைத்தால் அப்பா. கல்லறைத் திருநாள்தோறும் மண்ணை மேடாக்கி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கொண்டுபோன சுண்ணாம்பைத் தொரசாணிக்கு அடிப்பாள். “ஒங்கப்பாவுக்குக் காவலு இருக்கா, சும்மாவா?” பிறகு எப்போதும் அதே பேச்சுதான்: “நான் போனா இதே குழியத் தொறந்து போட்டுடுடா.”

சிதம்பரத்தில் வரலாறு படிக்கப் போனேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சுண்ணாம்பு ஏற ஏறச் சம்மனசின் முகம் மூடிப்போவது எனக்குப் பொறுக்கவில்லை. பழைய கல்லறைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பங்குச் சாமியாருக்கு மனு எழுதினேன். மூன்று முறை அடித்துத் திருத்திய மனு. ஏற்றுக்கொண்டார்கள். நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது செதுக்குக் கற்களைப் பெயர்த்து, மதிலோரம் கொட்டகைக்குள் வரிசையாக நிறுத்தி, தரையைச் சமப்படுத்திவிட்டார்கள்.

அடுத்த கல்லறைத் திருநாளில் அம்மா சுண்ணாம்பு வாளியோடு நடுவில் நின்றாள்.

“எங்கடா தொரசாணி?”

“அதோ, கொட்டாயில வெச்சிருக்காங்கம்மா. இனிமே மழ படாது.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“அப்ப ஒங்கப்பா?”

மாமா சிரித்தார். “படிச்ச புள்ள மனு போட்டுச்சில்லக்கா. மச்சான் அட்ரஸே காலி.” யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. இங்கும் அங்குமாகத் தப்படி வைத்துப் பார்த்தாள். எங்கிருந்து எண்ணுவதென்று தெரியவில்லை. கடைசியில் வெறுந்தரையில் ஓரிடத்தில் மெழுகுவத்தியை நட்டாள். அது இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் ஏற்றினாள்.

எட்டு மாதத்தில் அவளும் போனாள். பதிவேட்டில் அப்பாவின் பெயரும் தேதியும் இருந்தன, இடம் இல்லை. நான் குத்துமதிப்பாகக் காட்டிய இடத்தில் இடுப்பளவு தோண்டிய குழிவெட்டி நிமிர்ந்து பார்த்தார். “கைபடாத மண்ணு தம்பி. இங்க யாரும் இல்ல.”

இன்னோர் இடம் காட்ட எனக்குத் துணிவில்லை. அதிலேயே அம்மாவைத் தனியாக இறக்கினோம். அப்பாவின் குழியென்றால் வெட்டுக்கூலி மட்டும்தான். புதுக் குழி என்பதால், இடத்துக்கான கட்டணமும் கூலியும் சேர்த்து, எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.